கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவர்

ஒஸ்லோவின் குறொன்லாண்டில் கடை போட்டது நான். சந்தேகம் உள்ளவர்கள் போய்ப் பெயர்ப்பலகையைப் பார்க்கலாம். என் பெயர் பெரிய எழுத்தில், மின்விளக்கோடு இருக்கிறது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது. நான் அதைக் கைவிட்டேன் என்றும் சொல்லலாம். இரண்டு பக்கமும் அழவில்லை. அந்த எட்டாம் வகுப்பை வைத்துக்கொண்டுதான் நோர்வேயின் வடகோடியில் மீன் ஆலையில் நின்றேன், ஒஸ்லோவுக்கு வந்து அடுத்தவன் வீட்டுத் தரையெல்லாம் துடைத்தேன், முகத்தைப் பாராமலே இல்லை என்று சொல்லும் வங்கி மேலாளரை ஓம் என்று சொல்ல வைத்தேன். நகரத்தின் தெற்கு ஓரத்தில், ஹொல்ம்லியாவில் வீடு வாங்கிக் குளியலறைத் தரையை என் கையாலேயே பதித்தேன். தண்ணீர் வடிகாலுக்குப் போகாமல் வாசலைப் பார்த்து வரும். ஆனாலும் பதித்தது நான். இந்த நகரத்தில் முருங்கைக்காயை முதன்முதலில் இறக்கியவன் நான். இதே பெருமையைக் கோருகிற வேறு சிலரும் இருக்கிறார்கள்; அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் அதையேதான் சொல்கிறேன். கொத்தமல்லி இலை பனிக்குளிரில் கறுக்காமல் இருக்க வழி கண்டுபிடித்தவன் நான். பல வருடம் முகம் பாராமல் இருந்த மச்சானைச் சமாதானத்துக்குக் கொண்டுவந்து, தாய்மாமன் முன்னே நடக்க என் மகளை மணவறையில் ஏற்றியவனும் நான்.

இந்தப் பட்டியலில் கடைசி இரண்டையும் நான் செய்யவில்லை என்பது அண்மையில்தான் எனக்குத் தெரியவந்தது. செய்தவர் வேறொருவர். செய்துவிட்டு, செய்தது நான்தான் என்று என்னையே நம்பவைத்துவிட்டுப் போய்விட்டார். அவரைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

அவர் ஆர்மீனிய நாட்டுக்காரர். தூதராக இருந்து ஓய்வு பெற்றவர். அதற்கு முன்னும் பின்னும் சரித்திர ஆராய்ச்சியாளர். மனைவி இறந்த பிறகு, இங்கே மருத்துவராக இருக்கும் ஒரே மகளிடம் வந்து, எங்கள் கடைத்தெருவில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் குடியிருந்தார். பெயரை எழுதப்போவதில்லை. அவருக்கே அது பிடிக்காது. தெருவில் எல்லோருக்கும் அவர் ‘தூதுவர்’.

முதல் நாள் மாதுளம்பழம் கேட்டு வந்தார். வெளியே பனி முழங்கால் அளவு. அவரோ கழுத்துப்பட்டி கட்டி, சப்பாத்து மினுக்கி வந்து, பழத்தைக் காதோடு வைத்து விரலால் தட்டித் தட்டிப் பார்த்தார். மருத்துவர் மகளா அப்பாவா என்று எனக்குச் சந்தேகம். தட்டி முடித்துவிட்டு என்னைப் பார்த்து, “மேன்மை தங்கியவரே, உங்கள் பழங்கள் நன்றாக இருக்கின்றன” என்றார்.

மேன்மை தங்கியவர்! முதல் மாதம் முழுக்க நான் அதை உண்மை என்று நம்பினேன். கடைசியில் ஒருவர் நான் யாரென்று கண்டுபிடித்துவிட்டார் என்று மனைவியிடம் சொன்னேன். பிறகு பார்த்தால் தபால் கொண்டுவரும் பெண்ணையும், அடைத்த குழாய் திறக்க வந்தவனையும் அவர் அப்படியேதான் அழைக்கிறார்.

எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது நோர்வேஜிய மொழி. இருவருக்குமே அது ஒழுங்காக வராது. இங்கே அவரைத் தமிழில் கதைக்க விடுகிறேன். அதை வைத்து அவருடைய நோர்வேஜிய மொழி என்னுடையதைவிடத் திறம் என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம்.

அவரிடம் ஒரு பழக்கம். கதவு என்றால் பிடித்துக்கொண்டு நிற்பார். கடைக்குள் வரும்போது பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்ப்பார். வந்தால் அவரை முன்னே விடுவார். அவருக்குப் பின்னால் இன்னொருவர் வந்தால் அவரையும் விடுவார். ஒஸ்லோவின் தை மாதக் குளிர் முழுவதும் அவரோடு சேர்ந்து உள்ளே வரும்.

“ஐயா, கதவைச் சாத்துங்கோ! உள்ளுக்கை எல்லாம் உறையுது!” என்று நான் கத்துவேன். அவர் குனிந்து மன்னிப்புக் கேட்பார், மறுநாளும் பிடித்துக்கொண்டு நிற்பார்.

இன்னொரு பழக்கம், ‘நீங்கள் அன்றைக்குச் சொன்னதுபோல’ என்று பேச்சைத் தொடங்குவது. அந்த நாட்களில் நான் கொத்தமல்லியை வாசலோரம் அடுக்கியிருந்தேன். வருகிறவர் கண்ணில் முதலில் பச்சை படவேண்டும் என்பது என் வியாபார சாத்திரம். கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் இலை கறுக்கும். ஒருநாள் தூதுவர் கொத்தமல்லியைத் துக்கம் விசாரிப்பதுபோலப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“நீங்கள் அன்றைக்குச் சொன்னதுபோல இதை உள்ளே வைத்துவிட்டு, உருளைக்கிழங்கை வாசலுக்குக் கொண்டுவர உங்களுக்கு நேரம் கிடைக்கவில்லை போலிருக்கிறது.”

நான் அப்படிச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. ஆனால் சொல்லக்கூடிய ஆள்தான் நான். இவ்வளவு நல்ல யோசனை வேறு யாருக்கு வரும்? அன்றைக்கே மாற்றினேன். இலை பச்சையாக நின்றது. வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொன்னேன்.

மனைவி இடுப்பில் கை வைத்தாள். “இஞ்சேருங்கோ, உதை நான் எத்தினை வருசமாச் சொல்லிக்கொண்டு வாறன்?”

“நீர் சொன்னது வேறை. நான் யோசிச்சது வேறை.”

“என்ன வேறை? நானும் கொத்தமல்லியைத்தான் சொன்னனான்!”

தூதுவர் அந்த நேரம் பார்த்து மிளகாய்த்தூள் பைக்கற்றுகளை ஆராயத் தொடங்கிவிட்டார்.

அவருடைய வாழ்க்கைக் கதையை நான் துண்டு துண்டாகத்தான் பிடுங்கினேன். தேநீர் ஊற்றிக் கொடுத்தால் ஒரு துண்டு வரும். சின்ன வயதில் சுவடிக்கூடம் ஒன்றில் பழைய கையெழுத்துகளைப் படிப்பதுதான் வேலை. திடீரென்று நாடு சுதந்திரம் அடைந்துவிட்டது. புது நாட்டுக்கு வெளியே அனுப்ப ஆள் இல்லை. செத்துப்போனவன் எழுதியதை வாசிக்கத் தெரிந்தவன் உயிரோடு இருப்பவன் எழுதுவதையும் வாசிப்பான் என்று இவரைப் பிடித்து அனுப்பினார்களாம். தூதரகம் என்று அவர்கள் திறந்தது ஒரு விடுதி அறை. மேசை கிடையாது. துணிக்கு இஸ்திரி போட்டு மினுக்குகிற பலகையைத் தாழ்த்தி வைத்து, அதில்தான் எழுதினார்கள். கொடிக்குக் கம்பம் இல்லை. சன்னல் திரைச்சீலையின் தடியைக் கழற்றி அதில் கட்டித் தொங்கவிட்டார்கள்.

எனக்குக் கண் கலங்கியது. என் கதையேதான்! நானும் கடை திறந்த புதிதில் மீன் பெட்டியைக் கவிழ்த்துத்தான் கல்லா மேசை ஆக்கினேன்.

“கொடியை அப்படிக் கட்டுற யோசனை உங்கடையோ ஐயா?” என்று கேட்டேன்.

“இல்லை, இல்லை. விடுதியில் சுமை தூக்கும் ஒரு நல்ல மனிதருடையது.”

“அப்ப நீங்கள் என்ன செய்தனீங்கள்?”

கொஞ்சம் யோசித்தார். “அவர் தடியோடு வரும்போது நான் கதவைப் பிடித்துக்கொண்டேன்.”

எந்தக் கதையை எடுத்தாலும் இதுதான். எங்கேயோ ஓரிடத்தில், ஏதோ இரண்டு நாடுகளின் ஆட்கள், சண்டையை நிறுத்துவது பற்றிப் பேச வந்திருக்கிறார்கள். எந்த இடம், எந்த நாடுகள் என்று கடைசிவரை சொல்லவே இல்லை. யார் முதலில் அறைக்குள் போவது என்பதில் தகராறு. ஒரு பகல் முழுக்க இரண்டு கூட்டமும் தாழ்வாரத்தில் நின்றது. பிறகு எப்படியோ எல்லோரும் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார்கள். நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டால், “தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்” என்றார். எனக்கு எரிச்சல் வந்தது. வாழ்நாள் முழுக்கக் கதவு பிடிக்கவும் தேநீர் ஊற்றவுமா ஒரு நாடு இந்த மனிதருக்குச் சம்பளம் கொடுத்தது? நானாக இருந்தால் அந்த விடுதி அறைக்கு வெளியே என் சிலையை வைத்திருப்பேன்.

இங்கே வந்து அவர் ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். அவருடைய நாட்டு வியாபாரிகள் முற்காலத்தில் சென்னைப் பட்டணம் வரை வந்து கடை நடத்தியிருக்கிறார்கள். அவர்களைப் பற்றிய புத்தகம். சென்னையை எனக்குத் தெரியுமா என்று கேட்டார். நோர்வேக்கு வருமுன் ஆள் அனுப்பும் ஏசென்சிக்காரனுக்காகக் காத்துக் கோடம்பாக்கத்தில் ஒரு லொட்ஜில் சில கிழமை படுத்துக் கிடந்தது மட்டும்தான் என் சென்னை. ஆனால் அந்த நகரத்துக்கு அத்திவாரம் போட்டவன் மாதிரி நான் விளக்கிக்கொண்டிருந்தேன். நல்ல வேளையாக, கணினி வேலைக்கு வந்த தமிழ்நாட்டுத் தம்பி ஒருவர் சாமான் வாங்க நின்றார்.

“ஆர்மேனியன் ஸ்ட்ரீட் தானே சார்? பாரிஸ் கார்னர் பக்கம். அங்க சர்ச் கூட இருக்கு. எங்க தாத்தா அதை அரண்மனைக்காரத் தெருன்னுதான் சொல்வார்.”

நான் மொழிபெயர்த்தேன். தூதுவர் சிரித்த சிரிப்பில் கையில் இருந்த தேநீர் சிந்தியது. அரண்மனையே இல்லாத ஆட்கள், பெயரே மறந்துபோய் அரண்மனைக்காரர் ஆகிவிட்டோமா என்று திரும்பத் திரும்பக் கேட்டுச் சந்தோசப்பட்டார். என் இனத்தின் பெயரை யாராவது அப்படித் தேய்த்திருந்தால் நான் வழக்குப் போட்டிருப்பேன். “கல்லறை உள்ள பெரிய வியாபாரிகளைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள்” என்றார். “நான் அவர்களுக்குக் கடை திறந்து விட்டவர்களைத் தேடுகிறேன்.” கிடைத்தார்களா என்று கேட்டேன். “அவர்கள் மிகவும் கெட்டிக்காரர்கள். ஒரு தடயமும் வைக்கவில்லை” என்று அதற்கும் ஒரு சிரிப்பு.

இனி மச்சான் கதை.

மச்சான் என் மனைவியின் தமையன். குறொன்லாண்டுக் கடையை நாங்கள் இருவரும் சேர்ந்துதான் தொடங்கினோம். மேலே ‘நான்’ என்று எழுதியது ஒரு சுருக்கத்துக்காக. கடையின் ஆண்டு விழாவுக்கு ஒரு பத்திரிகைக்காரி வந்து படம் பிடித்தாள். அச்சில் வந்த படத்தில் நான் நடுவில் நிற்கிறேன். மச்சானின் முகத்தில் பாதி வாழைக்குலைக்குப் பின்னால். நான் தள்ளினேன் என்பது அவனுடைய கட்சி. அவன் போய் நின்ற இடத்தில் வாழைக்குலை இருந்தது என்பது என்னுடையது. பெயர்ப்பலகை மாட்டியபோது சண்டை முற்றி, தெருவுக்கு மற்றப் பக்கம் அவன் வேறு கடை திறந்தான். பிறகு பேச்சில்லை. இரண்டு கண்ணாடிக் கதவுகள் வழியாக ஒருவரை ஒருவர் பார்த்து, பார்க்கவில்லை என்று காட்டிக்கொள்வதில் வருடங்கள் போயின. மனைவி எனக்குத் தெரியாமல் தமையன் கடையில் பனங்கட்டி வாங்குவாள். தெரியாத மாதிரி நானும் தின்பேன்.

தூதுவர் மாதுளம்பழத்தில் பாதியை என்னிடம் வாங்குவார், பாதியை அவனிடம் வாங்குவார். அந்தக் கடைப் பையோடேயே என் கடைக்குள் வருவார்.

“அங்கை ஏன் ஐயா போறியள்?”

“இரண்டு நாடுகளோடும் உறவு வைத்திருப்பது என் தொழில், மேன்மை தங்கியவரே.”

மகளுக்குக் கலியாணம் நிச்சயமானது. ஒஸ்லோவின் ரொம்மன் பகுதியில் மண்டபம் எடுத்தாயிற்று. மகள் இங்கே பிறந்தவள். சாத்திரம் சம்பிரதாயம் எல்லாம் எங்கள் தலையிடி என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவள் ஒரேயடியாகச் சொல்லிவிட்டாள்:

“என்னை மணவறைக்கு மாமாதான் கூட்டிக்கொண்டு போகோணும். மாமா வராட்டி நான் ஏறமாட்டன்.”

“கார்ட் அனுப்புவம் பிள்ளை.”

“அப்பா, இது சரியான பின்லி. எதிர்க்கடைக்குத் தபாலிலையோ அனுப்புவியள்?” பின்லி என்றால் வெட்கக்கேடு. இந்தப் பிள்ளைகள் என்னைப் பற்றிக் கதைக்கும்போது அடிக்கடி தேவைப்படும் சொல்.

எங்கள் வழக்கம் தெரிந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. நெருங்கிய சொந்தத்துக்குக் கலியாணத்தை அவர்கள் வீட்டுக்கே போய், வெற்றிலை வைத்துச் சொல்லவேண்டும். அதிலும் தாய்மாமனுக்கு. நானோ அவனுடைய வாசலை மிதிக்கமாட்டேன் என்று ஊர் கேட்கச் சொன்னவன். அவனோ என் கடைப் பக்கம் தலை வைத்தும் படுக்கமாட்டேன் என்று அதைவிடப் பெரிய சத்தத்தில் சொன்னவன். வந்து சொன்னால் வருவேன் என்று அவன் சொன்னதாகச் செய்தி வந்தது. அவன் வந்தால் சொல்லுவேன் என்று நான் சொல்லி அனுப்பினேன். மனைவி எங்கள் இருவரோடும் பேசுவதை நிறுத்திவிட்டாள். கலியாணம் நெருங்க நெருங்க, தெரு அகலமாகிக்கொண்டே போவதுபோல எனக்குத் தெரிந்தது.

அப்போதுதான் ஒருநாள் தூதுவர், பழத்தைத் தட்டிக்கொண்டே, “நீங்கள் அன்றைக்குச் சொன்னது சரி” என்றார்.

“என்ன சொன்னனான்?”

“தெருவை யாருமே கடக்கத் தேவையில்லை, மூன்றாவது வீடு ஒன்று இருந்தால் போதும் என்று. நான் அதைப் பற்றி நிறைய யோசித்தேன். என் வீடு சின்னது. ஆனால் நீங்கள் கேட்டீர்கள் என்பதற்காகத் தருகிறேன்.”

என் மூளையை நினைத்து நானே வியந்துபோனேன்.

ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம் இருந்தது. அவர் வீட்டு வாசலில் யார் முதலில் நுழைவது? முதலில் போனவன் காத்திருந்தவன் ஆகிவிடுவான். அதற்கும் நான் ஏற்கெனவே வழி சொல்லியிருந்தேனாம். அந்தக் காலத்து ஒஸ்லோக் கட்டடங்களில் முன்படிக்கட்டு ஒன்று, சமைக்கிற குசினிக்கென்று பின்படிக்கட்டு ஒன்று. நான் முன்பக்கத்தால் ஏறினேன். என்ன இருந்தாலும் தலைவாசல் எனக்கு. மச்சான் பின்பக்கத்தால் ஏறினான். குசினிக் கதவு சொந்த வீட்டு மனிதர்களுக்கு மட்டும்தான் திறக்கும் என்று அவனுக்குச் சொல்லப்பட்டிருந்தது எனக்குத் தெரியாது. தூதுவரின் மகள் ஒரு கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க, தகப்பன் மற்றக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க, இருவரும் ஒரே நேரத்தில் உள்ளே போய்ச் சேர்ந்தோம். நடுவில் வட்ட மேசை.

மேசையில் மெல்லிய ரொட்டி, திராட்சை இலையில் சுற்றிய சோறு, உலர்ந்த அப்ரிகொட் பழம், நடுவே ஒரு தட்டு நிறைய உதிர்த்த மாதுளை. எனக்குப் பிராந்தி. மச்சான் குடிக்கமாட்டான், அவனுக்கு உப்புப் போட்ட மோர். அவர்களிடமும் எங்கள் மோர் இருக்கிறது. தூதுவர் எழுந்து நின்று விளக்கினார். அவர்கள் நாட்டில் விருந்து மேசைக்கு ஒரு தலைவர் உண்டு. அவர் சொல்லும்வரை யாரும் குடிக்கக் கூடாது. அவர் யாரைச் சொல்கிறாரோ அவர் எழுந்து கிண்ணத்தைத் தூக்கி, வேறொருவரை வாழ்த்த வேண்டும். அன்றைக்கு அவர்தான் தலைவர். “என் மேசையில் ஒரே ஒரு சட்டம்” என்றார். “தன்னைப் பற்றிப் பேசக் கூடாது. எதிரே இருப்பவரைப் பற்றி மட்டும். கடை திறந்த முதல் பனிக்காலத்தைப் பற்றிச் சொல்லுங்கள், மேன்மை தங்கியவரே.”

நான் எழுந்தேன். வாயைத் திறந்தேன். அறுபது தாண்டிய இந்த வாய், என்னிலிருந்து தொடங்காத ஒரு வசனத்தை அதுவரை பேசியிருக்கவில்லை. மச்சான் மேசை விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“முதல் நாள்,” என்றேன். “பூட்டு உறைஞ்சு போச்சு. திறப்பு உள்ளுக்கை போகேல்லை. நான்...” தூதுவர் விரலை உயர்த்தினார். “இவன்,” என்று திருத்திக்கொண்டேன். “இவன் கையுறையைக் கழட்டிப்போட்டு வெறுங்கையாலை பூட்டைப் பொத்திப் பிடிச்சுக்கொண்டு நிண்டான். இரும்பு இளகிற வரைக்கும். கையை எடுக்கேக்கை தோல் பூட்டிலை ஒட்டிக்கொண்டு வந்திட்டுது. சத்தம் போடேல்லை. கதவைத் திறந்துவிட்டிட்டு என்னை முன்னாலை போ எண்டான்.”

மச்சான் எழுந்தான். மோர்க் கிண்ணத்தைத் தூக்கினான்.

“இவன் ஒரு புளுகன்,” என்றான். தூதுவரின் விரல் மறுபடி உயர்ந்தது. “பொறுங்கோ ஐயா, வாழ்த்துத்தான் சொல்லுறன். வங்கிக்காரன் எங்களை வாசலோடை கலைச்சவன். இவன் திரும்பத் திரும்பப் போய், இல்லாத கடையை இருக்கெண்டு அளந்து, வராத சனத்தை வந்து நிக்குதெண்டு அளந்து, அவனைக் களைக்கப் பண்ணித்தான் கையெழுத்து வாங்கினவன். எனக்கு அந்த வாய் இல்லை. இவன்ரை புளுகு இல்லாட்டி எனக்குத் திறக்கக் கதவே இல்லை.”

பாருங்கள், என் வாழ்நாளில் என்னை யாரும் இவ்வளவு சரியாகப் புகழ்ந்ததில்லை.

வெற்றிலை என் கோட்டுப் பையில் இருந்தது. வைத்தது மனைவி, எப்போது வைத்தாள், யார் சொல்லி வைத்தாள் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. எடுத்தேன். ஆனால் கை நீளவில்லை. வீட்டுக்குப் போய்ச் சொல்லவேண்டிய சொல்லல்லவா? இன்னொருவர் வீட்டில் வைத்துச் சொன்னால் அது எப்படிச் செல்லும்? மச்சானுக்கும் அதே யோசனை. கையை மடியில் இருந்து எடுக்கவில்லை.

தூதுவருக்கு எங்கள் தடங்கல் விளங்கிவிட்டது. தேநீர்க் கரண்டியை எடுத்து மேசையின் நடுவே குறுக்காக வைத்தார்.

“ஒரு தூதரகம் எந்த ஊரில் இருந்தாலும், அதற்குள் இருப்பது அதன் சொந்த நாடு என்று நினைத்து நடந்துகொள்வது எங்கள் வழக்கம். நீங்கள் இருவரும் கேட்டுக்கொண்டபடி இந்த மேசையைப் பிரித்திருக்கிறேன். கரண்டிக்கு அந்தப் பக்கம் உங்கள் மச்சான் வீடு. இந்தப் பக்கம் உங்களுடையது. எழுந்து சுற்றிப் போனால் போதும்.”

நான் எழுந்து மேசையைச் சுற்றிப் போனேன். சின்ன மேசைதான். ஆனால் ஹொல்ம்லியாவிலிருந்து நடந்து வந்தவன்போல மூச்சு வாங்கியது. “மகளுக்குக் கலியாணம் மச்சான். நீதான் கூட்டிக்கொண்டு போகோணுமாம்,” என்றேன். அவன் இரண்டு கையாலும் வெற்றிலையை வாங்கினான். அந்த உள்ளங்கையில் பழைய தழும்பு அப்படியே இருந்தது.

தூதுவர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

கலியாணம் நடந்தது. மாமன் முன்னே நடந்தான், மகள் மணவறை ஏறினாள். தெருவைக் கடக்காமலே தெருவைக் கடந்த என் சாமர்த்தியத்தை நான் மண்டபம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவனும் மண்டபத்தின் மற்ற மூலையில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான், கேட்கவில்லை. தூதுவர் கடைசி வரிசையில் இருந்து வடை சாப்பிட்டார். பிறகு வாசலில் நின்று, பிள்ளை வண்டியோடு வந்த தாய்மாருக்குக் கதவைப் பிடித்தார். கலியாண அல்பத்தில் தேடிப்பார்த்தேன். ஒரு படத்திலும் அவர் இல்லை. ஒன்றில் கோட்டுக் கையும் கதவுப் பிடியும் மட்டும் இருக்கிறது.

இந்த வசந்தத்தில் அவர் காலமானார். புத்தகம் முடியவில்லை. அஞ்சலிக் கூட்டத்துக்கு வெளிநாடுகளில் இருந்தெல்லாம் பெரிய மனிதர்கள் வந்தார்கள். நானும் மனைவியும் மச்சானும் ஒரே வரிசையில் இருந்தோம்.

நரைத்த தலையோடு ஓர் அதிகாரி முதலில் பேசினார். ஒரு பேச்சுவார்த்தையில் இரண்டு கூட்டமும் அறைக்குள் போக மறுத்தபோது, அறைக்கு இரண்டாவது கதவைத் திறக்கலாம் என்று தனக்கு ஒரு யோசனை வந்ததாம். “நம் நண்பர் அதை உடனே புரிந்துகொண்டார், நான் முதல் நாளே சொல்லியிருந்ததை எனக்கு நினைவூட்டியவரும் அவர்தான்” என்றார். அடுத்து வந்த அம்மையார், வட்ட மேசை தன்னுடைய யோசனை என்றார். அதற்கடுத்தவர், மேசையைப் பாதியாகப் பிரித்தது தான்தான் என்றார். எல்லோருடைய கதையிலும் தூதுவர் கதவைப் பிடித்தார் அல்லது தேநீர் ஊற்றினார்.

நான் மெல்லத் திரும்பினேன். மச்சானும் திரும்பினான்.

“டேய்,” என்றான் காதுக்குள். “அந்தக் குசினிப் படிக்கட்டு ஆரின்ரை யோசனை?”

“என்ரை.”

“என்ரை எண்டெல்லோ அவர் சொன்னவர்!”

“மூண்டாவது வீடு?”

“அதுவும் நான் அண்டைக்குச் சொன்னதாம்...”

எனக்கு வயிற்றில் இருந்து சிரிப்பு கிளம்பியது. மச்சான் கைலேஞ்சித் துணியை வாய்க்குள் திணித்தான். அழுகிறோம் என்று நினைத்து முன்வரிசைப் பெண் ஒருவர் தண்ணீர் தந்தார். மனைவி என் தொடையில் கிள்ளினாள்.

“என்னட்டைத்தான் அவர் வெற்றிலையைப் பற்றிக் கேட்டவர்,” என்றாள் முகத்தைத் திருப்பாமல். “கோட்டுப் பைக்குள்ளை வைக்கிற யோசனையையும் நான் முதலே சொன்னனான் எண்டுதான் சொன்னவர். நான் சொல்லேல்லை எண்டு எனக்குத் தெரியும். பேசாமல் இருந்திட்டன். நீங்கள் ரெண்டுபேரும்தான் உங்களுக்குச் சொன்னதை நம்பினியள்.”

சிரிப்பு நின்றபோது எனக்கு மனம் ஒருமாதிரிப் போய்விட்டது. முன்னால் திரையில் அவருடைய படங்களைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். எல்லாவற்றிலும் யாரோ ஒருவர் நடுவில் நிற்கிறார். இவர் ஓரத்தில், அரைவாசி கதவுக்குப் பின்னால். வாழைக்குலைதான் இல்லை.

கூட்டம் முடிய அவர் மகள் எங்களிடம் வந்தார். நினைவு மலர் ஒன்று அச்சிடுகிறாராம். “அப்பா என்ன செய்தார் என்று எல்லோரையும் கேட்டேன். எல்லோரும் தாங்கள் செய்ததைத்தான் எழுதித் தருகிறார்கள்” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கண் சிரிக்கவில்லை. “அவருடைய வேலையைப் பற்றிய பக்கத்தில் எழுத என்னிடம் ஒன்றுமே இல்லை. நீங்களாவது...”

எழுதினேன். என் மகள்தான் நோர்வேஜிய மொழியில் மாற்றினாள். மீன் ஆலையை வெட்டினாள், வங்கி மேலாளரை வெட்டினாள், முருங்கைக்காயை முழுதாக வெட்டினாள். “அப்பா, இது அவரைப் பற்றின மலர்” என்றாள். அதனால்தான் முழுவதையும் இங்கே தமிழில் எழுதியிருக்கிறேன்.

மலர் அச்சிடுகிற மகளுக்கும், பின்னாளில் அவருடைய சரித்திரத்தை எழுதப்போகும் படித்தவர்களுக்கும் நான் சொல்லிவைப்பது இதுதான். எங்கள் வீட்டுச் சமாதானத்தைச் செய்தவர் அவர். நான் இல்லை, மச்சானும் இல்லை. இரண்டு படிக்கட்டும் அவருடையது, வட்ட மேசை அவருடையது, கரண்டி அவருடையது. கொத்தமல்லியும் அவருடையதுதான், மனைவி அதற்குத் தனியாக மனுப் போட்டால் விசாரித்துக்கொள்ளுங்கள். அந்த அதிகாரிகளின் யோசனைகளையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள், மாதுளம்பழம் தட்டுவதுபோல. உள்ளே இவர்தான் இருப்பார். இவரைக் கதவுக்குப் பின்னால் நிறுத்தாதீர்கள். நடுவில் நிறுத்துங்கள். அவர் சம்மதிக்கமாட்டார், அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

இவ்வளவையும் விட்டுக்கொடுத்த எனக்கும் ஒன்று மிஞ்ச வேண்டும். அன்றைக்கு அந்த மேசையின் நடுவில் இருந்த மாதுளம்பழம் என் கடைப் பழம். இதை என் பெயரோடு, படிக்கக்கூடிய பெரிய எழுத்தில் போடவேண்டும். அது தன் கடைப் பழம் என்று மச்சான் சண்டைக்கு வருவான். வந்தால், என் கடைப் பழம்தான் என்று அவனே அன்றைக்குச் சொன்னதாகச் சொல்லிவிடுங்கள்.